தைக்குத் தள்ளி வைத்த ஆல்பம்

வருஷத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டிக்காரப் பாயும் நானும் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது வழக்கம். அந்த வருஷம் வெளிவந்த ஆல்பங்களில் எனக்கு ரொம்பப் பிடித்ததை நான் கொண்டுபோவேன். அவருக்குப் பிடித்ததை அவர் கொண்டுவருவார். கேட்கும் இடம் அவருடைய லோடு வண்டியின் முன் சீட்டுதான். ஜும்மா தொழுகை முடிந்து அவர் வந்து என்னை ஏற்றிக்கொள்வார். கொள்ளிடக் கரையில் நிழல் பார்த்து நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டால், எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிடும்.

நான் காந்தி மார்க்கெட்டில் ஒரு வாழைக்காய் மண்டியில் பில் எழுதுகிறவன். வீடு ஸ்ரீரங்கத்தில். பத்தாவதுக்கு மேல் படிப்பு ஓடவில்லை. காலையில் குளித்து, நெற்றியில் திருமண் இட்டு, பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அந்த நெற்றியைப் பார்த்துத்தான் மார்க்கெட்டில் எல்லோரும் என்னை சாமி என்று கூப்பிடுகிறார்கள். பாய் தென்னூர்க்காரர். தொட்டியம் பக்கத்திலிருந்து எங்கள் மண்டிக்கு வாழைத்தார் ஏற்றிவருவார். அதற்கு முன்னால் அரபு நாட்டில் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் இருந்தவர்.

இந்தப் பழக்கம் அங்கிருந்து அவர் கொண்டுவந்தது. அங்கே ஒரு அறையில் பல தேசத்து ஆட்கள் ஒன்றாகத் தங்கியிருந்தார்களாம். வருஷக் கடைசியில் ஒரு லீவு நாளில், அவரவர் ஊர்ப் பாட்டில் அந்த வருஷம் பிடித்த ஆல்பத்தை ஒவ்வொருத்தரும் போட வேண்டும். பாஷை யாருக்கும் புரியாது. அதனால் சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தார்கள். ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை முழுசாகக் கேட்க வேண்டும், நடுவில் தாண்டக் கூடாது, ஓடும்போது பேசக் கூடாது. என்ன கொண்டுவரப் போகிறோம் என்பதை முன்கூட்டி யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் பாதி கேட்டுவிட்ட மாதிரி ஆகிவிடும் என்பார் பாய். ஊர் திரும்பிய பிறகு இதைச் சேர்ந்து செய்ய அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் யாருக்கும் ஒரே இடத்தில் அத்தனை நேரம் உட்காரப் பொறுமை இல்லை. வாழைத்தார் இறக்கும் நேரத்தில் நான் ஏதோ முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

முதல் வருஷம் எனக்குக் கூச்சமாக இருந்தது. பாட்டு என்றால் எனக்குச் சாமி பாட்டுதான். அதைக் கொண்டுபோய் இவரிடம் எப்படிப் போடுவது என்று யோசித்தேன். அவர் அதெல்லாம் பார்க்கிறவர் இல்லை. கோவில் புறப்பாட்டு நாதஸ்வரம் ஒன்று போட்டேன். முடிந்ததும் அவர் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "பின்னாடி ஒருத்தர் நடந்து போறாருங்க, செருப்பு இல்லாத காலு," என்றார். திரும்பப் போட்டுக் கேட்டேன். தவிலுக்குப் பின்னால் கல்தரையில் யாரோ நடக்கிற சத்தம் இருந்தது. அவர் காது அப்படிப்பட்டது.

அவர் கொண்டுவருவது எல்லாம் எனக்குப் புதுசு. ஆப்பிரிக்காவில் இருக்கும் பழைய அறைக் கூட்டாளி ஒருவர் போனில் அனுப்பும் தந்தி வாத்தியப் பாட்டு, கேரளத்துப் பெண்கள் கல்யாண வீட்டில் கை தட்டிப் பாடுவது, வடசென்னைப் பையன்கள் சட்டியும் டப்பாவுமாகப் பாடிய ஒரு ஆல்பம். சில சமயம் எனக்குத் தலை வலிக்கும். வயிற்றுவலிக்காரன் முனகுகிற மாதிரி இருக்கிறதே என்று ஒரு தடவை சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "போன வருஷமும் பெருமாள், இந்த வருஷமும் பெருமாள். அவரு என்னங்க, வருஷா வருஷம் புது ஆல்பம் போடுறாரா?" என்று திருப்பிக் கொடுத்தார். இப்படி வருஷத்துக்கு ஒரு தடவை.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு ஆல்பம் வந்தது. என் மகள்தான் போனில் தேடிப் போட்டுக் கொடுத்தாள். அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர் ஆழ்வார் பாசுரங்களைப் பாடியிருந்தார்கள். பின்னால் தம்பூராவும் சின்னத் தாளமும் தவிர வாத்தியம் எதுவும் இல்லை. மேடைப் பாட்டு மாதிரி இழுக்காமல், கோவிலில் கோஷ்டியாகச் சொல்லும் சந்தத்தை விடாமல், அதிலேயே ராகத்தை இலேசாகத் தொட்டுப் போயிருந்தார்கள். நான் சின்ன வயசிலிருந்து வாய்ப்பாடமாகச் சொல்லிவரும் வரிகள்தான். இருந்தாலும் முதல் தடவை கேட்டபோது பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வருஷக் கடைசிக்கு இதுதான் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். கட்டுப்பாட்டின்படி பாயிடம் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தோளில் சங்கும் சக்கரமும் முத்திரை வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில் ஒரு நியமம் உண்டு. திருக்கார்த்திகை முடிந்த மறுநாளிலிருந்து தை மாதம் ஹஸ்த நட்சத்திரம் வரை வீட்டில் பாசுரம் சொல்லுவதில்லை. அதை அனத்யயன காலம் என்பார்கள். மார்கழி விடியற்காலையில் சொல்லும் பாட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த நாட்களில் கோவில் திருவிழாவில் பெருமாள் முதலில் கேட்பார், அவர் கேட்டு முடித்த பிறகுதான் நம் வாய்க்குத் திரும்ப வரும் என்று என் அப்பா சொல்லுவார். வாயால் சொல்லுவதில்லை என்றால் எங்கள் வீட்டில் டேப்பில் போடுவதும் கிடையாது, போனில் போடுவதும் கிடையாது. இதுவரை நான் பாய்க்கு எடுத்துப்போனது நாதஸ்வரமும் பஜனையுமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். வருஷக் கடைசி வெள்ளிக்கிழமை எப்போதும் மார்கழியில்தானே வரும்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அன்றைக்கு ஒன்றுக்கு இரண்டு ஆல்பமாக வைத்திருந்தார், முதலில் தந்தி வாத்தியத்தைப் போட்டார். அப்புறம் அந்தச் சென்னைப் பையன்களின் புது ஆல்பம். வழக்கத்தைவிட சத்தம் அதிகமாக இருந்தது. கதவே அதிர்ந்தது. பாட்டு ஓடும்போது பேசக் கூடாது என்பதால் காதைப் பொத்திக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது ஒரு நாதஸ்வர ஆல்பம் போட்டேன். அது முடிந்ததும், இந்த வருஷம் என் மனசுக்குப் பிடித்தது உண்மையில் இது இல்லை, வேறு ஒன்று இருக்கிறது, அதை இப்போது போட முடியாது என்று நியமத்தை எடுத்துச் சொன்னேன்.

அவர் சிரித்தார். எங்களுக்கு நோன்பு வாய்க்கு, உங்களுக்கு நோன்பு காதுக்கு என்றார். தை பிறந்ததும் தனியாக ஒரு நாள் உட்காரலாம் என்று பேசிக்கொண்டோம். கிளம்பும்போதுதான், ஏன் பாய் இவ்வளவு சத்தம், திருவானைக்காவல் வரைக்கும் கேட்டிருக்குமே என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். வலது காது எப்போதோ போய்விட்டது என்றார். தொழிற்சாலையில் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்ற வேலை, ஊருக்குத் திரும்பும்போதே அது இல்லை. எனக்கு இத்தனை வருஷமும் தெரியவில்லை. வண்டியில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து வலதுபக்கம் உட்காருவார், நான் இடதுபக்கம். நான் பேசியதெல்லாம் அவருடைய நல்ல காதில்தான் போய் விழுந்திருக்கிறது. இப்போது அந்தக் காதும் புரட்டாசியிலிருந்து இரைகிறதாம். சில நாள் தெளிவாக இருக்கும், சில நாள் தண்ணீருக்குள் முங்கின மாதிரி இருக்குமாம். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், நரம்பு சம்பந்தப்பட்டது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றிருக்கிறார்.

"முழுசா கேக்குறது இந்த வருஷத்தோட சரின்னு தோணுது சாமி. அதான் சத்தமா வெச்சேன்."

வீடு வந்து சேர்ந்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சட்டைப் பையில் போன் கனத்தது. அந்த ஆல்பம் அதற்குள்தான் இருந்தது. சாப்பிடும்போது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளும் நியமத்தில் என்னைவிடக் குறைந்தவள் இல்லை. ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீரோடு நிற்கிறவள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

"சொல்லக் கூடாதுன்னுதானே இருக்கு. அவரு கேக்குறதுக்கு என்ன?" என்றாள்.

போட்டால் நானும் பக்கத்தில் இருப்பேன், கேட்டால் என் வாய் தானாக முணுமுணுக்கும் என்றேன்.

"அப்ப வாயில ஒரு வெத்தலையைப் போட்டுக்கிட்டு உக்காருங்க. காது போற மனுஷனுக்கு ஹஸ்தம் வரைக்கும் இருன்னு சொல்ற பெருமாளை நான் பார்த்ததில்லை."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னது சரி என்று பட்டது. அப்பா முகமும் ஞாபகத்துக்கு வந்தது. கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது, அந்த மார்கழியில் நான் பாசுரம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்தவர் அவர். தை பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தார். அவருக்குச் செய்யாததை நான் இன்னொருத்தருக்குச் செய்யலாமா என்று ஒரு பக்கம் யோசனை. அவருக்கு வேண்டியிருக்கவில்லை, இவருக்கு வேண்டியிருக்கிறது என்று இன்னொரு பக்கம்.

ஒரு வாரம் போல் மனசுக்குள் மல்லுக்கட்டிவிட்டு, போட்டுவிடுவது என்று முடிவுக்கு வந்தேன். பெருமாள் சந்நிதியில் நின்று, அபசாரமாக இருந்தால் என்மேல் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். அன்றைக்குக் காலையில் பாய் தார் இறக்கிக்கொண்டிருந்தார். வியாபாரம் ஓய்ந்ததும் வண்டியில் உட்காரலாம், அந்த ஆல்பத்தைக் கேட்டுவிடலாம் என்றேன். ஹஸ்தம் வந்துவிட்டதா என்றார். இல்லை, பரவாயில்லை என்றேன்.

அவர் தோளில் இருந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"ரமலான்ல என் வண்டியில வரும்போது நீங்க ஒரு நாளாச்சும் டீ குடிச்சிருக்கீங்களா சாமி?"

இல்லை என்றேன்.

"நான் குடிக்காதீங்கன்னு சொன்னேனா? நீங்களா விட்டீங்க. ஒரு வாய் தண்ணிதானே பாய், குடிச்சா என்னன்னு எனக்கும் நீங்க சொன்னதில்ல. இப்ப எனக்காக உங்க நோன்பை முறிக்கிறேங்குறீங்க. அதைக் கேட்டுட்டு நான் எங்க போய் உக்கார்றது?"

காது இரைகிறதே என்றேன். அதற்கு அவர், தை எவ்வளவு தூரம், இன்ஷா அல்லாஹ் அதுவரை நிற்கும், டாக்டர் மாத்திரையில் கொஞ்சம் தெளிந்த மாதிரிதான் இருக்கிறது என்றார். நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அவருடைய ஆசையும் கெடவில்லை, என் நியமமும் கெடவில்லை, கொஞ்ச நாள் காத்திருந்தால் இரண்டும் நடந்துவிடும் என்று. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அது நல்ல முடிவாகத்தான் தெரிந்தது. அவர் பெரிய மனசோடு சொன்னார், நான் அதை மதித்தேன். இதில் யார் செய்தது தப்பு என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. தப்பு என்று ஒன்று இருந்தால் அதைச் சொல்லி அழுதாவது தீர்த்துக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு வாழைப்பழமும் கரும்பும் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு சில நாள் வண்டி வரவில்லை. அப்புறம் வண்டி வந்தது, ஓட்டிவந்தது அவருடைய மச்சான். நல்ல காய்ச்சலாம். காய்ச்சல் விட்டு ஒரு நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தவர், ஏன் யாரும் பாங்கு சொல்லவில்லை என்று கேட்டாராம். பள்ளிவாசல் அவர்கள் தெருவிலேயே இருக்கிறது. அப்போதுதான் பாங்கு முடிந்திருந்தது.

நான் தென்னூருக்குப் போனபோது அவர் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "கிட்ட போய்ப் பேசாதீங்கண்ணே, எதுர உக்காந்து பேசுங்க. வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குறாரு," என்றார். காதில் ஊசி போட்டிருந்தார்கள். மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து நாள் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாய் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஹஸ்தம் என்னைக்கு சாமி?" என்பதுதான். குரல் ரொம்ப ஓங்கி வந்தது. தன் சத்தம் தனக்குக் கேட்காத ஆள் பேசுகிற சத்தம். நான் விரலைக் காட்டிச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

காது திரும்பவில்லை. அந்த நாட்களில் நான் பெருமாளிடம் கேட்டதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. வியாபாரம் பேசுகிற மாதிரி கேட்டேன். நாங்கள் இரண்டு பேரும் உமக்காகத்தானே காத்திருந்தோம் என்று கேட்டேன். பெருமாள் அங்கே வழக்கம்போலப் படுத்துக்கொண்டிருந்தார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வரவில்லை. சேவித்துவிட்டு வெளியே வந்து பஸ் ஏறுவேன்.

ஹஸ்தத்துக்கு மறுநாள் போனேன். அதற்குள் அவருக்குக் காது மெஷின் வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். ஹாரன் சத்தம், பாத்திரம் விழும் சத்தம் தெரிகிறது, பேச்சும் முகத்தைப் பார்த்தால் பாதி பிடிபடுகிறது என்றார் அவர் மனைவி. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. வண்டி வாசலில்தான் நின்றது. பாய் பழக்கத்தில் ஸ்டியரிங் பக்கம் ஏறினார், நான் என் பக்கம். ஆல்பத்தைப் போட்டேன்.

முதல் பாட்டு முழுக்க அவர் கண்ணை மூடியிருந்தார். இரண்டாவது பாட்டில் நெற்றி சுருங்கியது. மெஷினைத் தொட்டுத் தொட்டுச் சரி செய்தார். கொஞ்ச நேரத்தில் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் நிறுத்தப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். நடுவில் நிறுத்தும் வழக்கம் இல்லையே. அதனால் ஆல்பம் கடைசி வரை ஓடியது. நான் ஒருத்தன் கேட்டேன். அவர் திரும்பி உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

முடிந்ததும், "சத்தம் வருது. பாட்டு வரல. தகரத்துல கல்லைப் போட்டு உருட்டுற மாதிரி இருக்கு," என்றார். மெஷினைப் பையிலிருந்து எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, எனக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி, "நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். பக்தி சொட்டுகிறது என்றேன். கண்ணில் தண்ணீர் வரும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் சரி, பாட்டைச் சொல்லுங்கள் என்றார். அக்காள் குரல் கனமா, தங்கை குரல் கனமா? இரண்டு பேரும் ஒரே சுருதியில் போகிறார்களா, ஒருத்தி மேலே போகிறாளா? தாளம் பக்கத்தில் கேட்கிறதா, தூரத்திலா? எந்த இடத்தில் மூச்சு விடுகிறார்கள்?

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. ஐப்பசியிலிருந்து திருக்கார்த்திகை வரை தினமும் கேட்ட ஆல்பம் அது. வார்த்தை வார்த்தையாகத் தெரியும். கேட்டபோதெல்லாம் நான் பெருமாளைத்தான் நினைத்தேன், குரலைக் கவனிக்கவே இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அப்படித்தான் இந்த வருஷம் போனது. அவரால் இனி வண்டி ஓட்ட முடியாது. மச்சான் ஓட்டுகிறார், இவர் சில நாள் கூட உட்கார்ந்து மண்டிக்கு வருவார். வந்தால் ஒரு கேள்வி வைத்திருப்பார். நான் அதை மனசில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், விளக்கேற்றியதும் மகளுடைய இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்பேன். அடுத்த முறை வரும்போது எதிரில் நின்று, உதடு தெரிய நிறுத்தி நிறுத்திச் சொல்லுவேன். அக்காள் குரல்தான் கனம். தங்கை மேலே போகவில்லை, ஆனால் வரியின் முடிவில் கொஞ்சம் முன்னால் போய் நிற்கிறாள். ஒரு இடத்தில் தாளம் தப்பி உடனே சேர்ந்துகொள்கிறது, அதை அவர்கள் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லும்போது பாய்க்கு முகம் மலரும். லோடுமேன்கள், சாமி பாய்க்கு ஜாதகம் பார்க்கிறார் என்று கேலி பண்ணுவார்கள்.

மூச்சு விடும் இடம்தான் எனக்கு அகப்படவே இல்லை. எத்தனை தடவை கேட்டாலும் பாட்டு அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது. ரெக்கார்டிங் மெஷினில் வெட்டி ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். இந்தக் கார்த்திகை மாதம்தான், அவல் பொரி வாங்கிக்கொண்டு வரும் வழியில் பஸ்ஸில் கேட்கும்போது பிடிபட்டது. அக்காள் மூச்சு வாங்கும்போது தங்கை அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்கிறாள். தங்கை வாங்கும்போது அக்காள் பிடித்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குவதே இல்லை. அதனால்தான் பாட்டு நிற்கவே இல்லாத மாதிரி இருக்கிறது.

திருக்கார்த்திகைக்கு முதல் நாள் பாய் மண்டிக்கு வந்தார். நான் பில் புத்தகத்தை மூடிவிட்டு வண்டிக்குப் போய் வழக்கமான என் பக்கம் ஏறினேன். மச்சான் இறங்கிப் போயிருந்ததால் ஸ்டியரிங் பக்கம் இருந்த அவர் திரும்பி எனக்கு நேராக உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். முதல் தடவை அவருக்குப் புரியவில்லை. இரண்டு கையையும் வைத்து, இது அக்காள், இது தங்கை, இது நிற்கும்போது இது போகிறது என்று காட்டினேன். புரிந்ததும் அவரும் தன் இரண்டு கையையும் அதே மாதிரி வைத்துப் பார்த்தார்.

"இது நான் கேட்டிருக்க வேண்டியதுங்க," என்றார்.

தை வரட்டும் என்று அவர் சொன்னதையும் அதற்கு நான் சரி என்றதையும் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம் என்றுதான் தோன்றியது. அவர் அதைப் பேசவில்லை. கொஞ்சம் கழித்து, அந்த வரியை நீங்கள் பாடிக் காட்டுங்கள், நான் வாயைப் பார்க்கிறேன் என்றார்.

எனக்குப் பாட வராது. சந்தத்தோடு சொல்லத்தான் வரும். சுற்றிலும் தார் ஏற்றுகிறவர்களும் வண்டிகளுமாக இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்தப் பாசுரத்தை முதலிலிருந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவர் என் வாயையும் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் தன்னையறியாமல் ஒரு விரலைத் தூக்கினார். கடைசி வரியில் இரண்டு தடவை தூக்கினார்.

"உங்க மூச்சு தெரியுது சாமி," என்றார். "அவங்களோடது தெரியல."

நான் ஒருத்தன்தானே பாய், விட்டு விட்டுத்தான் வரும் என்றேன். அவர் தலையாட்டினார். நாளைக்கும் வரட்டுமா, இன்னொரு தடவை சொல்லிக் காட்டுகிறீர்களா என்று கேட்டார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குத் திருக்கார்த்திகை என்றேன். அதற்கு மறுநாளிலிருந்து சொல்ல மாட்டேன் என்பதை அவரிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கே தெரியும். மெஷினைக் காதிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டே, அப்படியானால் நாளைக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறேன் என்றார்.